அண்ணன் இலை

“இது தேயா, இல்ல பாத்திரம் கழுவுன தண்ணியா?”

மகேந்திரன் குவளையை நங்கென்று மேசைமேல் வைத்தான். தேநீர் தளும்பிச் சிந்தியது. புஷ்பலதா துணியை எடுத்துத் துடைத்தாள். புந்தோங்கில் இந்த வீட்டுக்கு வாழ வந்த நாள் முதல் அவள் துடைக்காத சிந்தலா, கேட்காத பேச்சா!

“சீனி கொஞ்சமாத்தாங்க போட்டேன்… பழகிட்டா சரியாயிரும். இனிப்புநீரு வர்ற பார்டர்ல நிக்கிறீங்கன்னு டாக்டர் சொன்னாருல்ல? அதுக்கப்புறம் நீங்க கிளினிக் பக்கமே போகலியே…”

“ஆரம்பிச்சிட்டா! காலங்காத்தால…”

எதிரே உட்கார்ந்திருந்த ராக்காயி எழுந்தாள். மகேந்திரனின் அண்ணி. அண்ணன் பத்துமலை இறந்த பிறகு இவர்களோடுதான் இருக்கிறாள். அலமாரியில் இருந்த இனிப்புக் கெட்டிப்பால் டின்னை எடுத்து, கரண்டி நிறைய வழித்துக் கொழுந்தன் குவளையில் விட்டுக் கலக்கினாள்.

“குடி தம்பி. வெயில்ல லோரி ஓட்டுற ஆளு நீ. ஊருக்கெல்லாம் சமையல் சொல்லிக் குடுக்கிறவ, சொந்தப் புருசன வெறுந்தண்ணியில வச்சிருக்கா!”

அந்தச் சொல் புஷ்பலதாவுக்குச் சுருக்கென்று தைத்தது. பொய்யாக இருந்தால் தைத்திருக்காது. சனிக்கிழமை ஓவர்டைமை விட்டுவிட்டுக் கோயில் மண்டபத்துச் சமையல் வகுப்புக்குப் போனவள் அவள். இனிப்புநீர் என்கிற சர்க்கரை வியாதி வராமல் காக்க வீட்டுச் சமையலையே மாற்றுவது எப்படி என்று கிளினிக் தாதி தர்சிகா மிஸி அங்கே கற்றுக்கொடுத்தார். தட்டில் பாதிக்குக் காயும் கீரையும், கால் பங்குக்குத்தான் சோறு. தேங்காய்ப்பாலுக்குப் பதில் பருப்பைக் கடைந்து ஊற்றினால் குழம்பு கெட்டிப்படும். புஷ்பலதாவின் கைப்பக்குவத்தைப் பார்த்த மிஸி, இப்போது அவளையே அடுப்பின் முன் நிறுத்திவிட்டார். சிலிபின் பக்கமிருந்துகூடப் பெண்கள் பஸ் ஏறி வந்து அவளிடம் கற்றுக்கொண்டு போகிறார்கள். என்ன பிரயோசனம்? மண்டபத்து அடுப்பு அவள் சொன்னபடி எரிகிறது. வீட்டு அடுப்புக்கோ ஆளுக்கு ஆள் எஜமான்.

அன்று பத்துமலையின் நினைவு நாள் வேறு.

பத்துமலை வெறும் அண்ணன் இல்லை. ஆயர் தாவார் ரப்பர் தோட்டத்தில் தாய் தகப்பன் அடுத்தடுத்துப் போனதும், படிப்பை விட்டுவிட்டுப் பால்மரம் வெட்டித் தம்பியை ஆளாக்கியவர். தம்பி தட்டில் சோறு விழுந்த பிறகுதான் தன் தட்டை எடுப்பார். அந்த மனிதரை இனிப்புநீர் துண்டு துண்டாகத் தின்றது. முதலில் விரல், பிறகு பாதம், பிறகு முழங்கால்… கடைசியில் ஆளே இல்லை. அன்றிலிருந்து வருஷா வருஷம் அவருக்குப் பிடித்ததையெல்லாம் சமைத்துப் படையல் போடுகிறார்கள். தேங்காய்ப்பாலில் மிதக்கும் ஆட்டுக்கறி, நெய் வழியும் கேசரி, கெட்டிப்பால் தே. படைத்த இலையைத் தம்பிதான் சாப்பிட வேண்டும். ராக்காயி வைத்த வழக்கம் அது. எது அவரைக் கொண்டுபோனதோ அதையே இலையில் வைத்துக் கும்பிடுகிறோமே என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. தோன்றியவளுக்கோ சொல்ல வாயில்லை.

அன்றைக்கு எப்படியோ வாயைத் திறந்துவிட்டாள்.

“அக்கா… மாமாவுக்கு இலையில ஒண்ணும் குறைக்க மாட்டேன். எல்லாம் வைப்போம். ஆனா இவரு சாப்பிடறதுக்கு மட்டும் நான் தனியா செஞ்சிடுறேனே…”

வெங்காயம் அரிந்துகொண்டிருந்த ராக்காயியின் கை நின்றது.

“என்னடி சொன்ன? செத்தவருக்கு ஒரு சமையல், இவனுக்கு ஒரு சமையலா? எம்புருசன் இலை என்ன தீட்டா?”

“ஐயோ, அப்படிச் சொல்லலக்கா…”

“வேற எப்படிச் சொன்ன? அவரு வேர்வையில வளந்த உடம்புடி அது! நேத்து வந்த நீ அதுக்குக் கணக்குச் சொல்றியா?”

இவளுக்குக் கல்யாணமாகிப் பிறந்த மகளே வேலைக்குப் போய்விட்டாள். இன்னும் புஷ்பலதா நேற்று வந்தவள்தான்! கண்ணீரை முந்தானையில் ஒற்றிக்கொண்டு தேங்காய் துருவப் போனாள். வேறு என்ன செய்வாள்?

மத்தியானம் சொந்தக்காரர்கள் வந்து கூடம் நிறைந்துவிட்டது. மகேந்திரன் வாசலில் தேங்காய் உடைத்து, கற்பூரம் காட்டி, அண்ணன் படத்துக்கு முன் விழுந்து கும்பிட்டான். எழுந்தபோது கண் சிவந்திருந்தது. ராக்காயி படைத்த இலையை இரண்டு கையாலும் ஏந்திவந்து அவன் முன்னால் வைத்தாள்.

“சாப்பிடு தம்பி. ஒங்கண்ணன் குடுக்கறாரு.”

அவன் கேசரியில் கை வைக்கப் போனான். புஷ்பலதாவுக்கு என்ன வந்ததோ, குனிந்து அவன் மணிக்கட்டைப் பிடித்துவிட்டாள்.

“வேணாங்க… ஒங்க கால்ல விழறேன். ஒரு வாய் போதுங்க. மிச்சத்த வச்சிடுங்க…”

ஒன்றுவிட்ட நாத்தனார் நவமணி மோவாயில் கை வைத்துக்கொண்டாள்.

“அலாமா! படையல்ல கைய வச்சித் தடுக்கறாளே! இப்படியும் உண்டா லா?”

ராக்காயி புஷ்பலதாவின் கையைத் தட்டிவிட்டாள். “எடு கைய! அவரு உசிரோட இருந்தா இப்படிச் செய்வியா நீ?”

மகேந்திரன் நிமிர்ந்துகூடப் பார்க்கவில்லை. “எங்கண்ணன் இலையத் தொட்ட, அப்புறம் இந்த வீட்டுல ஒனக்கு எடமில்ல.”

அவன் சாப்பிட்டான். கேசரியை வழித்து, கறிக்குழம்பைச் சோற்றோடு பிசைந்து, அழுதுகொண்டே சாப்பிட்டான். தேநீரையும் ஒரு சொட்டு விடாமல் குடித்தான். பிள்ளை போல அழுகிறவன் வாயிலிருந்து சோற்றைப் பிடுங்க எந்தப் பெண்டாட்டியால் முடியும்? புஷ்பலதா சுவரோடு சாய்ந்து நின்றாள். தன் கையே தனக்குப் பாரமாக இருந்தது.

கை கழுவ எழுந்து அவன் அடுக்களைப் பக்கம் நடந்தபோது நவமணிதான் அலறினாள்.

“ரத்தம்! தரையெல்லாம் ரத்தம்! யாரு காலு இது?”

வெள்ளைத் தரையில் அடிக்கு அடி சிவப்பாகப் பதிந்திருந்தது. மகேந்திரன் காலைத் தூக்கிப் பார்த்தான். பாதத்தில் உடைந்த தேங்காய் ஓட்டுச் சில்லு ஆழமாக ஏறியிருந்தது. வாசலில் மிதித்திருக்கிறான்; அப்போது சில்லே ரத்தத்தை அடைத்திருக்கிறது. அதோடுதான் விழுந்து கும்பிட்டு, உட்கார்ந்து சாப்பிட்டு எழுந்திருக்கிறான்.

“அட, இது எப்பக் குத்துச்சு?” என்று சிரித்தான். “ஒண்ணுமே தெரியல!”

ராக்காயி கையிலிருந்த பாத்திரம் விழுந்து உருண்டது.

“இப்படித்தான்… இப்படித்தான்டி புஷ்பா, அவரும் சிரிச்சாரு! போட்டிருந்த சப்பாத்துக்குள்ள ஆணி ஏறி ரத்தம் ஊறியிருக்கு… வலிக்கல ராக்கான்னு சிரிச்சாரு. நானும் கூடச் சேந்து சிரிச்சனே! இனிப்புநீரு கால மரத்துப்போக வச்சிருச்சுன்னு அப்பத் தெரியலியே! அந்தக் காலத்தான வெட்டுனாங்க…”

தள்ளாடி வந்து புஷ்பலதாவைக் கட்டிக்கொண்டாள்.

“நீ புடிச்ச கையத் தட்டி விட்டனே, பாவி! அவருக்குச் செய்றதா நெனச்சி இவன அவரு வழிக்கே அனுப்பப் பாத்தனே… என்னை மன்னிச்சிடுடி…”

“அப்படிச் சொல்லாதீங்கக்கா… நீங்க ஆசையாத்தான செஞ்சீங்க…”

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பிடித்துக்கொண்டு அழுதார்கள். இத்தனை நாள் புஷ்பலதா இந்த ஒரு வார்த்தைக்குத்தானே ஏங்கினாள்! கிடைத்தபோது அதில் துளி சந்தோஷமில்லை. நான் சொன்னது பொய்யாகவே போயிருக்கக் கூடாதா என்றுதான் மனசு அடித்துக்கொண்டது.

“வாங்கக்கா, மொதல்ல ரத்தத்தக் கழுவிக் கட்டுவோம். அப்புறம் கிளினிக்குக்குப் போலாம்.”

மகேந்திரனை நாற்காலியில் உட்காரவைத்தார்கள். ராக்காயி தரையில் அமர்ந்து கொழுந்தன் காலைத் தன் மடியில் ஏந்திக்கொண்டாள். புஷ்பலதா பாதத்தைச் சுற்றித் தண்ணீர் விட்டுத் துடைத்தாள். அவன் முகத்தைப் பார்த்தபடியே சில்லின் ஓரத்தில் விரலை வைத்து மெல்ல அழுத்தினாள். முகம் சுளிக்க மாட்டானா? கோபித்துக் காலை உதறி, ஒரு அறை விட்டால்கூடத் தேவலையே…

“வலிக்குதாங்க?”

“இல்லியே.”

இன்னும் கொஞ்சம் அழுத்தினாள். “இப்ப?”

“இல்லன்னா இல்லதான் புஷ்பா. அதுக்குப் போய் ரெண்டு பேரும் ஏன் இப்படி அழுவுறீங்க?”