துண்டு உதறும் சத்தம்

சூரியனுக்குப் பக்கத்தில் யாரோ துண்டு உதறினார்கள். பட், பட், பட்.

செவந்தி ஹெட்போனைக் கழற்றி மேசைமேல் வைத்தாள். விராலிமலையின் உச்சிவெயிலில் தகரக் கூரை முறுகும் ஓசை, பக்கத்து வீட்டில் குழம்பு தாளிக்கும் வாசம், பாயில் தூங்கும் மகள் பிரகதியின் சீரான மூச்சு, எல்லாம் தினமும் இருப்பதுபோலத்தான் இருந்தன.

அவளுடைய வேலையே தூசியின் சத்தத்தைக் கேட்பதுதான். சூரியனைச் சுற்றும் விண்கலத்தின் மேல் தூசி மோதும்போதெல்லாம் ஒரு சொடுக்கு பதிவாகும்; அதைக் குறித்துத் திருச்சி ஆபீசுக்கு அனுப்ப வேண்டும். சூரியனை நெருங்க நெருங்கத் தூசி எரிந்துபோய்ச் சொடுக்கு அடங்கிவிடும். இப்போது அவள் கேட்ட பதிவு, சொடுக்கே இருக்கக்கூடாத அந்த இடத்தில் எடுத்தது.

ஆபீசில் இருக்கும் பரிமளாவுக்குப் போன் போட்டாள்.

“அக்கா, தூசியே இல்லாத எடத்துல சத்தம் கேக்குது.”

“சூரியன்ல எவளாச்சும் வீடு கூட்டுறாளோ என்னமோ! ஒழுங்காத் தூங்குறியா இல்லையாடி நீ? போய் மொதல்ல சாப்புடு.”

செவந்திக்குச் சிரிப்பு வரவில்லை. அந்தச் சத்தம் அவளுக்குத் தெரியும். கணவன் நாகராசு கல் உடைக்கும் கிரஷரிலிருந்து வந்தால், பிள்ளைமேல் பொடி படக்கூடாதென்று வாசலுக்கு வெளியே நின்று மூன்று தடவை துண்டை உதறுவான்.

“உதறிட்டேன் புள்ள, வரவா?”

“ஒங்க வீட்டுக்கு வர ஒங்களுக்கு என்ன கேள்வி? வாங்க.”

ஆனாலும் பொடி அவன் நெஞ்சுக்குள் போய்த் தங்கியது. கல்லும் கல்லும் உரசுவதுபோல் இருமி இருமியே போன ஆடியில் செத்துப்போனான். அந்தத் துண்டைப் போர்த்தித்தான் எரித்தார்கள். கிரஷர் காற்றே பிள்ளைக்கு ஆகாதென்று அவள் இந்த ஊருக்குக் குடிவந்தாள்.

பட்.

ஹெட்போன் மேசையில்தான் கிடந்தது. சத்தம் வாசலில்.

பட்.

கதவிடுக்கில் சுட்ட கல்லின் வாசம். அவன் சட்டையின் வாசம். அவளுக்குப் பயம்தான். அதைவிடப் பெரிதாக ஏக்கம். மூன்றாவது உதறலுக்கு அவளால் காத்திருக்க முடியவில்லை.

“வாங்க” என்றாள்.

கதவு திறக்கவில்லை.

பட்.

வீட்டுக்குள். பாய்க்கு நேர் மேலே.

வெள்ளைப் பொடி இறங்கியது. மெல்ல. பிள்ளையின் முடியில். இமையில். திறந்திருந்த வாயில்.

பிரகதி கண் திறக்காமல் இருமினாள்.

கல்லும் கல்லும் உரசுவதுபோல்.