கூடப் பாடுகிறவர்

கீழ்த்தளத்து அறைக்குப் போகச் சொன்னபோது அவள் ஒரு வார்த்தைகூட எதிர்த்துப் பேசவில்லை. சண்டை போடவும் தெம்பு வேண்டுமே. மூன்றாம் மாடியில் அவள் உட்கார்ந்திருந்த இடத்தை விளம்பரப் பிரிவு எடுத்துக்கொண்டது. ஹெட்போனையும் தண்ணீர் பாட்டிலையும் முதுகுக்கு வைக்கிற சின்னத் தலையணையையும் ஒரு பையில் போட்டுக்கொண்டு, வெளியே மதிய வெயில் கொளுத்திக்கொண்டிருந்த நேரத்தில் படியிறங்கினாள்.

அவள் வேலை பாட்டுக் கேட்பது. சொன்னால் எல்லோரும், "கொடுத்து வச்சவங்க" என்பார்கள். ஒரு வாரம் கேட்டுப் பார்த்தால் தெரியும். செல்போனில் பாட்டுப் போடும் நிறுவனம் அது. படுக்கையறையிலும் மாடிப்படியிலும் மைக்கை வைத்துக்கொண்டு, தானே எழுதி, தானே மெட்டுப் போட்டு, தானே பாடி அனுப்பும் புதுப் பிள்ளைகளின் பாட்டுகள் தினமும் வந்து குவியும். அதில் நல்லதாக நாலைந்தைப் பொறுக்கி வாராவாரம் 'புதுக்குரல்' வரிசையில் சேர்க்க வேண்டும். அலுவலகத்தில் அவளுக்கு வடிகட்டி என்று பெயர். செல்லமாக வைத்ததுதான். ஆனால் வருஷக்கணக்கில் வடிகட்டி வடிகட்டி ஓட்டையெல்லாம் அடைத்துக்கொண்டு விட்டது.

பல்லவி வரைக்கும் கேள், பிடிக்காவிட்டால் தள்ளு என்பது அந்தத் தொழிலின் வழக்கம். இப்போதெல்லாம் அவள் பல்லவிக்குக்கூடக் காத்திருப்பதில்லை. கிடார் இரண்டு தட்டு, யாரோ தூக்கக் கலக்கத்தில் பேசுவதுபோல ஒரு குரல், பிரிந்து போன காதலி, ஜன்னலில் மழை. தள்ளு. அடுத்தது. அதிலும் மழை. தள்ளு.

"இந்த வருஷம் ஒரு பாட்டாவது பத்திக்கணும்மா. இல்லேன்னா தேர்வு வேலையை மெஷின்கிட்ட குடுத்துடுவாங்க. என் கையில ஒண்ணும் இல்ல" என்று மேலாளர் சொல்லிவிட்டார். நல்ல மனுஷன்தான். கெட்ட செய்தியைத் தரையைப் பார்த்துத்தான் சொல்வார்.

வீட்டில் அவளும் கல்லூரிக்குப் போகும் மகளும் மட்டும்தான். அந்த வீட்டில் பாட்டு கூடாது. மகள் பாத்திரம் கழுவிக்கொண்டே எதையாவது முணுமுணுத்தால், "கண்ணு, காது வலிக்குது, கொஞ்சம் சும்மா இரு" என்பாள். மகளும் சும்மா இருந்துவிடுவாள். பிறகு தன் அறைக்குப் போய்க் கதவைச் சாத்திக்கொள்வாள். அந்தக் கதவுக்குப் பின்னால் என்ன நடக்கிறது என்று போய்ப் பார்க்கக்கூட இவளுக்குச் சக்தி இருந்ததில்லை.

கீழ்த்தளத்து அறைக்கு ஜன்னல் கிடையாது. சுவர் முழுக்கக் கறுப்பு நுரைப்பஞ்சு ஒட்டியிருந்தது. கதவைச் சாத்தினால் வெளி உலகமே அணைந்துபோகும். தன் மூச்சு, தன் இதயம், எச்சில் விழுங்கும் சத்தம், அவ்வளவுதான். ஈரப் பஞ்சின் நெடி அடித்தது. அதற்கும் அடியில், லேசாக, இருமலுக்குச் சப்பும் மிட்டாயின் வாசனை. இரண்டு நாற்காலிகள் கிடந்தன. ஒன்றில் உட்கார்ந்துகொண்டாள். இன்னொன்றில் பையை வைத்தாள்.

திரும்பிப் பார்த்தபோது பை தரையில் இருந்தது. சரிந்து விழுந்திருக்கும் என்று நினைத்து அங்கேயே விட்டுவிட்டாள்.

அந்த வாரம் 'அரைத்தூக்கம்' என்ற பெயரில் ஒரு பெண் பாட்டு அனுப்பியிருந்தாள். பெயருக்கேற்ற பாட்டு. தள்ளுவதற்கு விரலைத் தூக்கிவிட்டாள் இவள். அப்போதுதான் பல்லவிக்கு அடியில் இன்னொரு குரல் சேர்ந்தது. ஆண்குரல். வார்த்தை இல்லை. வாயை மூடிக்கொண்டு, கனமாக, பின்னாலிருந்து தாங்குவதுபோல ஒரு ஹம்மிங். அவளுக்கு உடம்பெல்லாம் சிலிர்த்துப்போயிற்று. எத்தனையோ நாளைக்குப் பிறகு ஒரு பாட்டை முழுசாகக் கேட்டாள். செத்துப்போன காதுக்கு உயிர் வந்த சந்தோஷத்தில் அந்தப் பெண்ணுக்கு உடனே செய்தி அனுப்பினாள். பாட்டு தேர்வாகிவிட்டது, அடியில் வரும் அந்த ஹம்மிங் அபாரம் என்று.

பதில் வந்தது. "ரொம்ப நன்றி மேடம். ஆனா நான் தனியாத்தான் பாடினேன். எந்த ஹம்மிங்?"

இவளுக்குச் சிரிப்பு வந்தது. இந்தப் பிள்ளைகள் எங்கெங்கிருந்தோ சத்தங்களை எடுத்து அடுக்குவார்கள், என்ன அடுக்கினோம் என்று அவர்களுக்கே நினைவிருக்காது. பாட்டு வெளிவந்த கையோடு பிடித்துக்கொண்டது. பேருந்தில் பக்கத்து இருக்கைக்காரர் அதைத்தான் கேட்டுக்கொண்டு வந்தார்.

அடுத்து, 'லிஃப்ட் வேலை செய்யவில்லை' என்ற பெயரில் பாடும் ஒரு பையன். அவன் பாட்டிலும் அதே ஹம்மிங். அதற்கடுத்து ஓர் அக்காள் தங்கை ஜோடி. அவர்கள் பாட்டிலும் அதே. பாட்டுப் பொறுக்கும் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பை அப்போது அவள் செய்தாள். மூன்று பேர் ஒன்றையே செய்தால் அதற்குப் பெயர் புது அலை. 'இந்த வருஷத்தின் அடிக்குரல் அலை' என்று வாராந்திர முன்னுரையில் எழுதியே விட்டாள். மேலாளர் நேராக முகத்தைப் பார்த்துப் பாராட்டினார். அதைப் படித்துவிட்டு நாலு பிள்ளைகள் நிஜமாகவே ஹம்மிங் சேர்த்துப் பாட்டு அனுப்பினார்கள். பாவம், ஒன்றும் சகிக்கவில்லை.

ஒருநாள் ஒலிப்பதிவுக்காரத் தம்பி கீழே இறங்கி வந்தான். எல்லோரும் அவனைச் சவுண்டு என்றுதான் கூப்பிடுவார்கள். அறைக்குள் வராமல் வாசலிலேயே நின்றான்.

"அக்கா, அந்த ஹம்மிங் எந்த இடத்துல வருது? நானும் மூணு பாட்டையும் பிரிச்சு மேஞ்சு பாத்துட்டேன். அப்படி ஒண்ணு இல்லவே இல்லையே."

"போடா. உன் காதைக் காட்டு டாக்டர்கிட்ட."

"மேல வந்து கேளுங்களேன்."

மேலே போய்க் கேட்டாள். அந்தப் பெண் தனியாகத்தான் பாடிக்கொண்டிருந்தாள். சுமாரான பாட்டு. இதையா தேர்ந்தெடுத்தோம் என்று வெட்கமாகக்கூட இருந்தது.

கீழே வந்து அதே பாட்டைப் போட்டாள். பல்லவியில் ஹம்மிங் சேர்ந்தது.

மெல்ல ஹெட்போனைக் கழற்றினாள்.

பாட்டு நின்றது. ஹம்மிங் நிற்கவில்லை.

காலியாக இருந்த நாற்காலியின் பக்கமிருந்து, அரை மூச்சு நேரம், அது இழுத்துக்கொண்டே போய் ஓய்ந்தது. இருமல் மிட்டாய் வாசனை முகத்துக்கு வெகு அருகே வந்து போயிற்று.

அவள் ஓடவில்லை. ஓடுவதற்கும் ஒரு வயசு வேண்டும். அப்படியே உட்கார்ந்திருந்தாள். பிறகு சுவரைப் பிடித்துக்கொண்டு மாடியேறிச் சவுண்டிடம் கேட்டாள்.

"அந்த ரூம்ல முன்னாடி யாரு இருந்தா?"

அவன் குரலைத் தாழ்த்தினான். "ஒரு சார் இருந்தாராம்க்கா. உங்க வேலைதான். அதுக்கு முன்னாடி கச்சேரிப் பாடகராம். தொண்டையில ஆபரேஷன் பண்ணி, பேச்சே போயிடுச்சாம். அப்புறம்தான் கேக்கற வேலைக்கு வந்தாரு. ஹெட்போனோடவே ஒருநாள்..."

"போதும்."

அன்று சாயங்காலமே ஒரு தொலைபேசி அழைப்பு. அரைத்தூக்கம் பெண்ணின் அண்ணன். அடுத்த பாட்டைக் கொஞ்சம் தள்ளிப்போடலாமா என்று கேட்டான். "தங்கச்சிக்குக் குரலே வரல மேடம். காத்துதான் வருது. டாக்டர் தொண்டையில ஒண்ணும் இல்லேங்கறார்."

லிஃப்ட் பையனுக்குப் போட்டுப் பார்த்தாள். அவன் எடுக்கவில்லை. செய்தி அனுப்பினான். 'மன்னிக்கவும், பேச முடியாது.' அக்காள் தங்கை ஜோடியில் தங்கைதான் எடுத்தாள். பேச்சு வரவில்லை, அழுகிற மூச்சு மட்டும் வந்தது. அக்காளுக்குப் போடும் தைரியம் இவளுக்கு இல்லை.

மறுநாள் மேலாளரிடம் போய் வேறு இடம் கேட்டாள். அவர் சிரித்தார். "ராசியான ரூமை யாராவது விடுவாங்களாம்மா?" பேயைப் பற்றி அவரிடம் எப்படிச் சொல்வது? வேலையை விடுவது எப்படி? இந்த வயதில் பாட்டுக் கேட்கத் தெரியும் என்று சொல்லி எங்கே போய் நிற்பது? ஆக, ஒன்றே ஒன்று செய்தாள். எந்தப் பாட்டையும் பல்லவி வரை விடவில்லை. முதல் வரியிலேயே தள்ளினாள். கேட்காத பாட்டோடு அவரால் சேர்ந்து பாட முடியாதல்லவா? நல்ல குரல் எது, கெட்ட குரல் எது என்று பார்க்காமல் எல்லாவற்றையும் தள்ளித் தள்ளி விரல் மரத்துப்போனது. பக்கத்து நாற்காலி அவ்வப்போது பொறுமையில்லாமல் அசையும். இவள் அந்தப் பக்கம் திரும்புவதில்லை.

ஒரு மதியம் 'பக்கத்து அறை' என்ற பெயரில் ஒரு பாட்டு வந்தது. முதலில் அலமாரிக் கதவு திறக்கும் கிறீச். துணிகளுக்கு நடுவே யாரோ உட்காரும் சரசரப்பு. பிறகு குரல்.

அவளுடைய மகளின் குரல்.

தள்ளியிருக்க வேண்டும். விரல் அங்கேதான் இருந்தது. ஆனால் இந்தக் குரலை அவள் கேட்டு எத்தனை வருஷம் ஆயிற்று! சின்ன வயதில் மூக்கால் பாடிக்கொண்டிருந்த பெண் இவ்வளவு ஆழமாக எப்போது பாடக் கற்றுக்கொண்டாள்? வேலையிலிருந்து களைத்து வரும் ஓர் அம்மாவைப் பற்றிய பாட்டு. அம்மாமேல் ஒரு குறையும் சொல்லவில்லை அதில். செருப்பைக் கழற்றும் சத்தத்தை வைத்தே இன்று பேசலாமா கூடாதா என்று தெரிந்துகொள்ளும் ஒரு பெண்ணின் பாட்டு. அவளுக்குக் கண்ணீர் வழிந்தது. துடைக்கத் தோன்றவில்லை. உலகத்தில் இருக்கும் எல்லோரையும் பிடித்து உட்காரவைத்து இதைக் கேட்கவைக்க வேண்டும் போலிருந்தது.

பல்லவி வந்ததை அவள் கவனிக்கவில்லை.

ஹம்மிங் சேர்ந்தது.

ஹெட்போனைப் பிய்த்து எறிந்தாள். பாட்டை நிறுத்தினாள். அறை முழுக்க ஹம்மிங் ஓடிக்கொண்டிருந்தது. முன்னைவிடக் கனமாக. ஆசையாக.

"வேண்டாம்" என்றாள். "இது என் பொண்ணு சார். இவள விட்ருங்க."

ஹம்மிங் நின்றது.

யாரோ தலையைச் சாய்த்து யோசிப்பதுபோல ஓர் அமைதி. நாற்காலி ஒருமுறை முனகியது.

அவள் பாட்டை நிராகரித்தாள். வந்த பாட்டுகளிலிருந்தே நீக்கினாள். கம்ப்யூட்டரை அணைத்து, விளக்கை அணைத்து, கதவைப் பூட்டிச் சாவியைப் பைக்குள் போட்டுக்கொண்டாள். காய்ச்சல் என்று சொல்லிவிட்டு வீட்டுக்குக் கிளம்பினாள்.

மகள் கதவைத் திறந்தாள். "என்னம்மா, சீக்கிரம் வந்துட்ட?"

குரல் இருந்தது. தெளிவாக, முழுசாக இருந்தது. அவள் மகளைக் கட்டிக்கொண்டாள். அப்படிக் கட்டிக்கொண்டு வெகுநாள் ஆனதால் இருவருக்குமே கைகளை எங்கே வைப்பது என்று தெரியவில்லை.

சமையலறையில் டீ கொதித்துக்கொண்டிருந்தபோது மகள் மெதுவாக ஆரம்பித்தாள். "இன்னிக்கு 'பக்கத்து அறை'ன்னு ஒரு பாட்டு வந்துச்சாம்மா?"

"வந்துச்சு."

"எப்படி இருந்துச்சு?"

நன்றாக இருந்தது என்று சொன்னால் இன்னொன்று அனுப்புவாள். அதற்குப் பிறகும் இன்னொன்று அனுப்புவாள். இவள் அடுப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னாள். "நல்லா இல்ல கண்ணு. குரல் பத்தல. இதெல்லாம் உனக்கு வேண்டாம், படிப்பைப் பாரு."

வாழ்க்கையில் எத்தனையோ பேருக்கு அவள் இதைச் சொல்லியிருக்கிறாள். சொல்லும்போது நெஞ்சு இப்படி அறுபட்டதில்லை.

மகள் அழுவாள் என்று எதிர்பார்த்தாள். மகள் அழவில்லை. குறும்பாகப் பார்த்தாள்.

"பொய் சொல்லாதம்மா. உனக்குப் பிடிச்சிருக்கு. பிடிக்காமலா இத்தன தடவை கேப்பாங்க?" போனைத் திருப்பிக் காட்டினாள். பாட்டு அனுப்புகிறவர்களுக்கு நிறுவனம் கொடுக்கும் பக்கம் அது. யார் எங்கே எவ்வளவு கேட்டார்கள் என்று அதில் தெரியும். "மத்தியானத்துலேருந்து உங்க ஆபீஸ்ல ஓடிக்கிட்டே இருக்கு. ஒவ்வொரு தடவையும் முழுசா. நீ கிளம்பி வந்தப்புறமும் ஓடுது பாரு. யாருக்கும்மா போட்டுக் காட்டின?"

கேட்கும் இடம் என்ற வரிக்கு எதிரே 'கீழ்த்தள அறை' என்று இருந்தது.

அவள் பைக்குள் கைவிட்டாள். சாவி இருந்தது.

"மூடு அதை" என்றாள். "போனை மூடு. பாட்டை எடுத்துடு. இப்பவே."

மகளுக்கு அந்தப் பதற்றம் வேடிக்கையாக இருந்திருக்க வேண்டும். அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு வாய்விட்டுச் சிரித்தாள். தலை பின்னால் சாய்ந்தது. தோள் குலுங்கியது.

சத்தம் மட்டும் வரவில்லை.

மகள் சிரிப்பதை நிறுத்தினாள். தொண்டையைத் தொட்டுப் பார்த்தாள். அம்மா என்று உதடு அசைந்தது. மறுபடியும் அசைந்தது.

டீ பொங்கி அடுப்பில் வழிந்தது. மேடைமேல் கிடந்த போனில் எண் இன்னொன்று கூடியது.