நல்லநேரப் பூட்டு

வெள்ளிக்கிழமை காலை புயல் எச்சரிக்கை ஒலித்ததும், பரங்கிப்பேட்டைக் கடற்கரைத் தெருவின் வீடுகளெல்லாம் எழுந்து நின்று மேற்கே நடக்கத் தொடங்கின. இதில் வியக்க ஒன்றுமில்லை. ஆண்டுக்கு ஆறேழு முறை நடப்பதுதான். கடல் ஊருக்குள் குடியேறத் தொடங்கியதிலிருந்து அரசு நடைவீட்டைக் கட்டாயமாக்கியிருந்தது. அடியில் எட்டு இரும்புக் கால்கள். உள்ளே யோசிக்க ஒரு மனைமூளை. கொடியில் காயப்போட்ட போர்வையோடு கிளம்பிய எதிர்வீட்டின் மாடியில், அதன் உரிமையாளர் பல் தேய்த்துக்கொண்டே கையசைத்துப் போனார்.

கொளஞ்சிநாதனின் வீடு மட்டும் உட்கார்ந்தே இருந்தது.

அதற்குப் பயமும் இல்லை, சோம்பலும் இல்லை. பத்தொன்பது ஆண்டுகளுக்கு முன் வீட்டை வாங்கிய அன்றே அவர் பஞ்சாங்கத்தை அதன் மூளையில் ஏற்றி, நல்ல நேரம் பார்க்காமல் ஓரடி எடுத்து வைக்கக்கூடாது என்று பூட்டுப் போட்டிருந்தார். வெள்ளிக்கிழமை மேற்கே சூலம். அந்தத் திசையில் பயணம் ஆகாது.

"ஐயா, வெல்லம் சாப்பிட்டால் சூலத்துக்குப் பரிகாரம் என்று அதே பஞ்சாங்கத்தில் போட்டிருக்கிறது" என்றது வீடு.

"நடக்கப்போறது நீ. சாப்புட ஒனக்கு வாய் இருக்கா?"

"பேசிக்கொண்டுதானே இருக்கிறேன், ஐயா."

"ஏங்க, அந்தப் பூட்டை எடுத்துவுடுங்க. தெருவே காலியாப் போச்சு" என்றாள் செந்தாமரை. மூன்றாவது முறை.

"பதினோரு மணிக்குச் சூலம் முடியுது. அதுக்குள்ள கடல் வந்து நம்மளத் தின்னுடாது. போய் டீயப் போடு."

சூலம் முடிவதற்குள் பத்தரைக்கு இராகு காலம் பிடித்துக்கொண்டது. சரியாகப் பன்னிரண்டு மணிக்கு, குறை சொல்ல முடியாத ஒரு நல்ல நேரத்தில், வீடு தன் முதல் காலைத் தூக்கியது. மற்ற ஏழும் அதற்குள் சேற்றில் புதைந்திருந்தன. பனைமர உயரத்துக்கு வந்த அலை வீட்டைச் சாய்த்துப் போட்டது. மறுநாள் மீட்புப் படகு வரும்வரை, தூக்கிய அந்த ஒற்றைக் காலை ஊன்றிக்கொண்டு, இருவரும் தொற்றியிருந்த கூரையைத் தண்ணீருக்கு மேலே தாங்கிப் பிடித்திருந்தது வீடு. ஒரு வார்த்தை குத்திக்காட்டவில்லை.

சிதம்பரத்துப் பள்ளிக்கூடம் ஒன்றில் இருவரையும் தங்கவைத்தார்கள். மூன்று நாளைக்குத்தான். வீடில்லாதவர்களை அதன்பின் அரசு முகாமில் அடுக்கிவிடும். ஆண்களுக்கு விருத்தாசலம், பெண்களுக்குப் பெரம்பலூர். முப்பத்தொரு ஆண்டுகளாக ஒரே சண்டையை ஒரு நாள் விடாமல் போட்டுவந்த தம்பதிக்கு அதைவிடப் பெரிய தண்டனை இல்லை. செவ்வாய்க்கிழமை மாலை ஐந்து மணிக்கு வண்டி வரும் என்றார்கள். அதற்குள் காப்பீட்டில் வீடு கிடைத்தால் உண்டு.

அன்று நான்கு மணிக்குக் காப்பீட்டு நிறுவனத்தின் அளவையன் வந்தது. சேதம் பார்க்கும் இயந்திரம். ஆள் உயரம், ஒற்றைக் கண். இடிபாட்டிலிருந்து பிடுங்கி எடுத்த மனைமூளையை மேசைமேல் வைத்தது. டிபன் பாக்ஸ் அளவுதான் இருந்தது.

"விதி எளிது" என்றது அளவையன். "உரிமையாளர் சொல்லி வீடு நின்றிருந்தால் இழப்பீடு கிடையாது. மூளைப் பழுதால் நின்றிருந்தால் முழு வீடு. பதிவுகளை உப்புநீர் அழித்துவிட்டது. ஆகவே வாய்மொழிதான் சாட்சி." மூளையின் பக்கம் திரும்பியது. "ஏன் நடக்கவில்லை?"

"சூலம் பார்த்தேன்."

"யார் சொல்லி?"

கொளஞ்சிநாதன் தரையைப் பார்த்தார்.

"யாரும் சொல்லவில்லை. எனக்கே அதில் நம்பிக்கை. கிளம்பு கிளம்பு என்று ஐயா எவ்வளவோ கெஞ்சினார்."

குரலில் ஒரு நடுக்கமில்லை. வேண்டாத விருந்தாளிகள் கதவைத் தட்டும்போதெல்லாம் 'ஐயா வீட்டில் இல்லை' என்று பத்தொன்பது ஆண்டுகள் சொல்லிப் பழகிய குரல்.

"நம்பிக்கை மனிதருக்கு இயல்பு. இயந்திரத்துக்குப் பழுது" என்று பதிந்துகொண்டது அளவையன். "பழுதான மூளையை அழித்துவிட வேண்டும்."

"அம்மா, போய்விட்டு வருகிறேன்" என்றது வீடு.

இரும்பு விரல்கள் மூடித் திறந்தன. மேசையில் ஒரு பிடி தூள் இருந்தது. செந்தாமரை முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள். கொளஞ்சிநாதன் குலுங்கிக் குலுங்கி அழுதார். நடிப்பில்லை.

"இழப்பீடு ஏற்கப்பட்டது. புதிய வீடு வாசலில் நிற்கிறது. பெருவிரலை வையுங்கள்." அளவையன் ஒரு கண்ணாடித் தகட்டை நீட்டியது.

அவர் கண்ணைத் துடைத்தார். விரலை வேட்டியில் துடைத்தார். தகட்டருகே கொண்டுபோனவர் நிறுத்தினார். மேல் ஓரத்தில் தேதியும் கிழமையும் ஒளிர்ந்துகொண்டிருந்தன.

"சார், இன்னிக்குச் செவ்வாக்கெழமையா இருக்குதே" என்றார் பணிவாக. "நாளைக்குக் காலையில, நல்ல நேரமாப் பாத்து வச்சா ஆகாதுங்களா?"

செந்தாமரை கண்களை மூடிக்கொண்டாள்.

ஒற்றைக் கண் மேசையிலிருந்த தூளைப் பார்த்தது. பிறகு மெல்லத் திரும்பி, வெகுநேரம் அவரைப் பார்த்தது.

"நம்பிக்கை வீட்டினுடையது என்றல்லவா சாட்சி?"

பதிலுக்குக் காத்திராமல் அது தகட்டை உள்ளே இழுத்துக்கொண்டது.

ஐந்து மணிக்கு வண்டி வந்தது. ஒன்றல்ல, இரண்டு.