ஃபேன் கிளட்சைக் கழற்றியது யார்?

"அய்யோ...! அண்ணே...! ஓடி வாங்க...!"

ஒர்க்‌ஷாப்பின் தகரக் கூரையே அதிர்ந்தது. அலறியது முதலாளியின் மனைவி.

மேஸ்திரி ஓடி வந்தார். ஓடி வருவது போல வந்தார்!

அவள் அவருக்குக் கூடப்பிறந்த தங்கச்சி. அந்த உறவில் முதலாளிக்கு இவர் மச்சான்.

பெரிய டீசல் லாரியின் முன்னால் புது மெக்கானிக் குப்புறக் கிடந்தான். பின்மண்டையில் ரத்தம். தலைமாட்டில் ஃபேன் கிளட்ச்... எஞ்சினுக்கு முன்னால் விசிறியைச் சுற்ற வைக்கிற இரும்புச் சனியன்!

"உசிரு இருக்கா அண்ணே?"

"தெரியலம்மா... ஆஸ்பத்திரிக்கு போன் போடு!"

வாய் பதறியது. மனசு பதறவில்லை.

அடித்ததே அவர்தான்!

நேற்று முளைத்த பயல். வருகிற டிரைவர் எல்லாம் அவனைத்தான் கேட்டார்கள். முதலாளி அவன் தோளில் கை போட்டுப் பேசினார். மச்சான் தோளில் இத்தனை வருஷத்தில் ஒரு ஈ கூட உட்கார்ந்ததில்லை! இப்போது புது ஷெட்டும் அவன் பொறுப்பில் போகப்போவதாகப் பேச்சு.



இன்று அந்தப் பயல் பம்பர் மேல் ஏறி, எஞ்சினுக்குள் தலையை விட்டுக்கொண்டு, கிளட்சோடு மல்லுக்கட்டிக் கொண்டிருந்தான். ஷெட்டில் வேறு ஆள் இல்லை. இரும்புக் குழாய். ஒரே போடு!

பிறகு கிளட்சைத் தானே கழற்றி, அவன் தலைமாட்டில் உருட்டிவிட்டார்.

சாயங்காலம் இன்ஸ்பெக்டர் வந்தார். ஆஸ்பத்திரியிலிருந்து நேராக வருகிறாராம். பேசாமல் லாரியைச் சுற்றி வந்தார்.

பேசாத போலீஸ்காரனை மேஸ்திரி நம்பியதில்லை. பேசுகிறவனை அதைவிட நம்பியதில்லை!

"எப்படி நடந்திருக்கும் மேஸ்திரி?"

"பம்பர்ல நின்னு இழுத்திருக்கான் சார். கால் வழுக்கிக் குப்புற விழுந்திருக்கான். கிளட்சும் கூடவே வந்து மண்டையில விழுந்திருச்சு. பாவம்..."

"சரிதான்." இன்ஸ்பெக்டர் தலையாட்டினார்.

அப்பாடா!

பக்கத்தில் நின்ற முதலாளி மூக்கை உறிஞ்சினார். "சார், இந்த லாரி ஏறி இறங்காத ஒர்க்‌ஷாப் இல்ல. ஒருத்தனாலயும் இந்த கிளட்ச் நட்டை அசைக்க முடியல. என் புள்ள ஒத்தையாளா கழட்டியிருக்கான் பாருங்க!"

என் புள்ள! மேஸ்திரியின் காது சுட்டது.

"நீங்களே சொல்லுங்க மச்சான். இப்படி ஒரு கையைப் பாத்திருக்கீங்களா?"

"ம்..."

"எழுந்து வரட்டும். புது ஷெட் சாவி அவனுக்குத்தான்!"

பேசாதே... பேசாதே... மேஸ்திரி பல்லைக் கடித்தார்.

"பலே ஆளுதான்!" இன்ஸ்பெக்டர் கிளட்சைத் தட்டினார். "மேஸ்திரி, உங்களால முடியுமா இது?"

முதலாளி முந்திக்கொண்டார். "மச்சானா? அவருக்கு எங்க சார் முடியும்!"

அவ்வளவுதான்!

"யாருக்குய்யா முடியாது? அவனா கழட்டினான்? அது இடது மரை! வலப்பக்கம் திருப்பினாத்தான் கழலும்! அது தெரியாம இடப்பக்கமே முக்கி முக்கி இன்னும் இறுக்கிட்டு நின்னான் அந்த வெங்கம்பய! அவன் இறுக்கினதையும் சேத்துக் கழட்டினது நான்! இந்தக் கை!"

முதலாளி மூக்கை உறிஞ்சுவதை நிறுத்தினார்.

"எ... எப்ப மச்சான்?"

"அவன் விழுந்ததுக்கு அப்புறம்..."



"நட்டு இறுகித்தான் இருந்துச்சுன்னா, அவர் மண்டையில விழுந்தது எது?" என்றார் இன்ஸ்பெக்டர்.

"அண்ணே... நீங்களா...?" தங்கச்சி வாயைப் பொத்திக்கொண்டாள்.

மேஸ்திரி பொத்தென்று ஒரு டயர் மேல் உட்கார்ந்தார். "நான்தான்..."

இன்ஸ்பெக்டர் பெருமூச்சு விட்டார்.

"அவர் மத்தியானமே கண் முழிச்சுட்டார். 'ஒண்ணும் ஞாபகமில்ல சார், கால் வழுக்கியிருக்கும்'னு சொல்லிட்டார். விபத்துன்னு கேஸை முடிச்சு, உங்ககிட்ட ஒரு சாட்சிக் கையெழுத்து வாங்கிட்டுப் போகத்தான் நான் வந்தேன்! சந்தேகப்பட்டெல்லாம் வரல!"



கையில் விலங்கு ஏறியது. ஜீப்பில் ஏறும் முன் திரும்பினார்.

"சார்... கிளட்சைக் கழட்டினது நான்தான்னு தெளிவா எழுதிருவீங்கள்ல?"

"கவலையே படாதீங்க மேஸ்திரி... கோர்ட்ல மைக் வெச்சே படிக்கச் சொல்றேன்!"