ஹார்ட் டிஸ்க்குக்கு இன்னொரு காஜா

மெஹ்ரீன் வீட்டில் உறை போடாத பொருளே கிடையாது. டி.வி.க்கு உறை, மிக்சிக்கு உறை, ரிமோட்டுக்குக்கூட ஜன்னல் வைத்த உறை. அவளுடைய அம்மா நஃபீசா தையல்காரர். வெட்டுத்துணி கொஞ்சம் மிஞ்சினாலும் அவருக்குக் கை சும்மா இருக்காது.

“கொஞ்ச நேரம் அசையாம நின்னா எனக்கும் ஒண்ணு தச்சு மாட்டிடுவே அக்கா,” என்று அம்மாவின் தம்பி ஜமீர் மாமா கேலி செய்வார். அம்மாவும் சிரிப்பார். சில நாள் அந்தச் சிரிப்பு பாதியிலேயே நின்றுவிடும். மெஹ்ரீன் அதைக் கவனித்திருக்கிறாள்.

அன்று மாலை அத்தாவும் மாமாவும் மெஹ்ரீனும் கம்ப்யூட்டர் முன்னால் உட்கார்ந்திருந்தார்கள். அத்தா என்றால் அப்பா. ஹிதாயத்துல்லா என்று பெயர், கப்பலில் வேலை. போன மாதம் அவருடைய தங்கை ரூக்சாருக்கு நிக்காஹ் நடந்தபோது அவர் ஏதோ ஒரு துறைமுகத்தில் இருந்தார். ஜமீர் மாமா செல்போனை ஸ்பீக்கரில் போட்டு எல்லோருக்கும் நடுவில் நீட்டினார். பெண்ணுக்கு அண்ணன் என்ற முறையில், “எனக்கு முழுச் சம்மதம்,” என்று அத்தா சொன்னார். உடனே லைன் போய்விட்டது.

“நான் சொன்னதும் ரூக்சார் என்ன பண்ணா?” என்று அத்தா அன்றிலிருந்து எல்லோரையும் கேட்டுவிட்டார். ஒருவர் அழுதாள் என்றார். இன்னொருவர் முக்காடு மறைத்துவிட்டது என்றார்.

“கல்யாண வீடியோவுல பாத்துக்கங்க மச்சான்,” என்றார் மாமா.

லீவில் வந்த அத்தா அதற்காகவே ஒரு ஹார்ட் டிஸ்க் வாங்கினார். தாம்பரம் ஸ்டுடியோக்காரர் நேற்றுதான் வீடியோவை அதில் போட்டுக் கொடுத்தார். தன்னிடம் இருந்ததை இடம் போதாமல் அழித்தும் விட்டார். அம்மா இரவோடு இரவாக அதற்கு ஒரு பச்சை வெல்வெட் உறை தைத்து, வயர் வெளியே வர ஒரு காஜாவும் போட்டிருந்தார். காஜா என்றால் பொத்தான் நுழைக்கிற ஓட்டை. எல்லாம் தயார். ஆனால் கம்ப்யூட்டர் மட்டும் ஹார்ட் டிஸ்க்கைக் கண்டுகொள்ளவே இல்லை.

மாமா வயரைப் பிடுங்கிச் செருகினார். பின்பக்கம் செருகினார். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். கடைசியில் திரையில் ஒரு கேள்வி வந்தது.

“ஃபார்மட் பண்ணட்டுமான்னு கேக்குது. பேஜாரா கீதுப்பா. எஸ் குடுத்துப் பாக்கலாமா?”

“வேணாம் மாமா,” மெஹ்ரீன் மவுஸைப் பிடித்துக்கொண்டாள். “அது குடுத்தா உள்ள இருக்கிற எல்லாம் போயிடும்னு கம்ப்யூட்டர் மிஸ் சொன்னாங்க.”

மாமா கையைச் சட்டென்று எடுத்துவிட்டார். அத்தா கடிகாரத்தைப் பார்த்தார். “பரவால்லம்மா. அடுத்த லீவுல பாத்துக்கறேன்,” என்றார். விடிந்தால் அவர் கிளம்ப வேண்டும். அவர் முகத்தைப் பார்க்கவே மெஹ்ரீனுக்குக் கஷ்டமாக இருந்தது.

அவள் ஹார்ட் டிஸ்க்கைக் காதில் வைத்துக் கேட்டாள். விர்ரென்று கிளம்பியது. டிக் என்றது. நின்றது. மறுபடி விர்ர், டிக். சாயங்காலம் வோல்டேஜ் குறைந்தால் மிக்சியும் இப்படித்தான் சுற்ற முடியாமல் முனகும்.

கரண்ட் போதவில்லையோ?

நேற்று அத்தாவோடு ஸ்டுடியோவுக்குப் போனபோது பார்த்தது நினைவுக்கு வந்தது. அந்த வயருக்கு இரண்டு தலைகள். அவர் இரண்டையும் செருகினாரே? இங்கே ஒன்றுதானே வெளியே இருக்கிறது? வெல்வெட்டைத் தடவிப் பார்த்தாள். ஓரத்தில் கெட்டியாக ஏதோ தட்டுப்பட்டது.

சொல்ல வாயெடுத்தவள் மாமாவைப் பார்த்ததும் மூடிக்கொண்டாள். தெரிந்தால் அம்மாவை இன்னும் ஒரு வருஷத்துக்கு ஓட்டுவார்.

“தோ வரேன்,” என்று ஹார்ட் டிஸ்க்கைக் கழற்றிக்கொண்டு சமையலறைக்கு ஓடினாள்.

“அம்மா, இதுக்கு இன்னொரு காஜா போடணும்,” என்று மெல்லச் சொல்லி, அந்த இடத்தைத் தொட்டுக் காட்டினாள்.

அம்மா நாக்கைக் கடித்துக்கொண்டார். “சட்டையில உள்பக்கம் ஸ்பேர் பட்டன் வெச்சுத் தைப்போமே, அந்த மாதிரி இதுவும் ஸ்பேருன்னு நெனச்சிட்டேன்டி.”

டீ கொதிப்பதற்குள் பிளேடால் கீறி, ஓரத்தையும் தைத்துவிட்டார். இரண்டாவது தலை எட்டிப் பார்த்தது.

மெஹ்ரீன் இரண்டையும் செருகினாள். இந்த முறை விர்ர் நிற்கவில்லை.

“இன்னாம்மா பண்ணே?” என்றார் மாமா.

“அதுக்குப் பசி மாமா. ஒரு வாய் சாப்பாடு பத்தல.”

அம்மா டீயோடு வந்து உட்கார, வீடியோ ஓடியது. கூட்டத்துக்கு நடுவே செல்போன். அதிலிருந்து அத்தாவின் கரகரத்த குரல்: “எனக்கு முழுச் சம்மதம்.” குனிந்திருந்த ரூக்சார் நிமிர்ந்தாள். கண் நிறையத் தண்ணீர், முகம் நிறையச் சிரிப்பு. போனைப் பார்த்து, “அண்ணா,” என்றாள்.

“என்னைக் கூப்பிட்டிருக்கா,” என்றார் அத்தா. ரீவைண்ட் பண்ணச் சொல்லித் திரும்பத் திரும்பப் பார்த்தார். டீ ஆறிப்போனதை யாரும் கவனிக்கவில்லை.

பிறகு அத்தா அந்தப் பச்சை உறையைக் கையில் எடுத்தார். பழைய காஜாவைப் பார்த்தார், புதிய காஜாவைப் பார்த்தார். மெஹ்ரீனையும் ஒருமுறை பார்த்தார்.

“நஃபீசா, என் செல்போனுக்கும் ஒரு உறை தச்சுக் குடேன்,” என்றார். “பேசற எடத்துல மட்டும் மறக்காம ஒரு காஜா போட்டுடு.”

மாமாவுக்கு ஒன்றும் புரியவில்லை. அம்மா மட்டும் விழுந்து விழுந்து சிரித்தார். அந்தச் சிரிப்பு பாதியில் நிற்கவே இல்லை.