தோற்க வைக்கும் சில்லு

தூத்துக்குடியில் ஒன்பது வருடமாக விளையாட்டில் தோற்ற ஆள் ஒருவர்கூட இல்லை. எல்லார் கையிலும் ஆட்டகம் இருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கும் விளையாட்டுக் கருவி. அதற்குள் 'இதமி' என்று ஒரு பாகம். பிடித்திருக்கும் விரலிலிருந்து நாடியைப் படிக்கும். ஆடுகிறவருக்குப் படபடப்பு ஏறினால் எதிரியை மந்தமாக்கி, பாறையை ஓரமாக நகர்த்தி, எப்படியாவது கரை சேர்த்துவிடும். மீன் ஏலம் விடுகிறவர் முதல் கோயில் உபதேசியார் வரை அத்தனை பேரும் 'வள்ளம்' என்ற படகு விளையாட்டில் மாநில வீரர்கள்தான். சான்றிதழ் வீட்டுக்கு வீடு தொங்கியது.

பேருந்து நிலையத்துக்கு எதிரே ஆட்டகம் பழுது பார்க்கும் கடை வைத்திருந்த செலினுக்கு இது பொறுக்கவில்லை. அவள் லேசுப்பட்ட ரோசக்காரி இல்லை.

"கருங்கடவைத் தாண்டிட்டேன்னு இது சொல்லுது. நான் தாண்டினேனா, இது தூக்கி விட்டுச்சான்னு எனக்குத் தெரிய வேண்டாமா?" என்று கணவன் அமலதாசிடம் பொரிந்தாள்.

கருங்கடவு என்பது வள்ளத்தின் கடைசிக் கட்டம். பன்னிரண்டு பாறை, கடைசிப் பாறைக்கு முன்னால் ஒரு சுழி. ஒரே ஒரு தடவை அதைத் தன் கையால் தாண்டிவிட வேண்டும், அவ்வளவுதான் அவள் ஆசை.

"ஜெயிச்சா சரிதான. அதுல என்ன ஆராய்ச்சி?" என்றான் அமலதாஸ். சோறு உண்டதும் கடைப் பலகையிலேயே சாய்ந்து தூங்கிவிடுகிற புண்ணியவான் அவன்.

இதமியைப் பிடுங்கிப் போடலாம் என்றால், அது இல்லாமல் ஆட்டகம் உயிர் பெறாது. ஆகவே நாடி படிக்கும் உணரிக்கும் இதமிக்கும் நடுவே ஒரு பொய்யனை உட்கார வைக்க வேண்டும். 'இவர் நிம்மதியாக இருக்கிறார், நீ சும்மா கிட' என்று ஓயாமல் ஓதுகிற ஒரு சில்லு. அப்படி ஒன்று எந்தக் கடையிலும் இல்லை. செலின் குப்பையைக் கிளறினாள். கெட்டுப்போன மின்விசிறி ரிமோட் அகப்பட்டது. எந்த வீட்டுக் குப்பையிலும் கிடக்கிற சாமான். அதன் வயிற்றிலிருந்த அரிசி அளவுச் சில்லுக்கு இந்த வேலைக்குப் போதுமான மூளை இருந்தது. தலைமுடி கனத்தில் ஐந்து கம்பிகளைப் பற்றவைத்தாள்.

முதல் சோதனையில் நிமிடத்துக்கு அறுபது துடிப்பு என்று அச்சடித்தாற்போல அனுப்பினாள். இவ்வளவு சீரான நாடி மனித நாடியாக இருக்க முடியாது, உயிர் போய்க்கொண்டிருக்கிறது என்று முடிவு கட்டிய ஆட்டகம் ஆம்புலன்ஸை அழைத்துவிட்டது. வந்தவர்கள் செலினைப் படுக்கையில் ஏற்றாமல் போக மாட்டோம் என்று ஒற்றைக்காலில் நின்றார்கள். பேருந்து நிலையமே கூடி நின்று வேடிக்கை பார்த்தது. அவளை வெட்கம் பிடுங்கித் தின்றது.

அதற்குப் பிறகுதான் அவளுக்குப் புரிந்தது. நிஜ நாடி கொஞ்சம் ஏறும், கொஞ்சம் இறங்கும். நிஜமாகவே நிம்மதியான ஒரு மனிதர் வேண்டும். திரும்பிப் பார்த்தாள். அமலதாஸ் வாயைப் பிளந்து குறட்டை விட்டுக்கொண்டிருந்தான். அவன் விரலில் உணரியை மாட்டி, நாற்பது நிமிடத் தூக்கத்தை அப்படியே சில்லுக்குள் ஏற்றினாள்.

வள்ளத்தைத் திறந்தாள். மூன்றாம் பாறையிலேயே மோதி மூழ்கினாள். திரையில் 'தோல்வி' என்று எழுத்து வந்தது.

"மாதாவே! தோத்துட்டேன்!" அலறல் கேட்டு அமலதாஸ் பதறி எழுந்தான். "தோத்துட்டேங்க! நெசமாவே தோத்துட்டேன்!" என்று அவன் தோளைப் பிடித்து உலுக்கினாள். ஒரு பெரிய கம்பெனி பூட்டி வைத்ததை ஒரு ரிமோட் குப்பையால் திறந்த பெருமை அவளுக்குத் தாங்கவில்லை.

'நேர்ச்சில்லு' என்று பெயர் வைத்து, செய்முறையைப் படமாக வரைந்து கடைச் சுவரில் ஒட்டினாள். ரிமோட் கொண்டுவந்தவர்களை உட்கார வைத்து அவர்கள் கையாலேயே பற்றவைக்கச் சொன்னாள். ஆறே மாதத்தில் பாதி ஊர் தோற்றது. தோற்பதில் ஒரு கெத்தும் வந்து சேர்ந்தது. "நேத்து மட்டும் இருவது வாட்டி முங்கினேன்" என்று மீசையை முறுக்கினான் உப்பு லாரி ஓட்டும் சுடலைமணி. கருங்கடவை ஒருவரும் தாண்டவில்லை. மனிதரால் தாண்டவே முடியாது என்று ஊர் முடிவு கட்டிவிட்டது.

செலின் மட்டும் விடவில்லை. இருநூற்றுப் பதினோரு தடவை மூழ்கினாள். ஒரு வெள்ளிக்கிழமை முற்பகல், கடையில் பத்துப் பேர் நிற்கும்போது, சுழியை எதிர்க்காமல் அதோடேயே அரைச் சுற்றுப் போய்ப் பார்த்தாள். சுழியே வள்ளத்தைப் பன்னிரண்டாம் பாறைக்கு அப்பால் வீசியது.

"தாண்டிட்டேன்!" அவளுக்கு அழுகையே வந்துவிட்டது.

கடையில் ஒருவரும் கைதட்டவில்லை.

"சில்லு கழண்டிருக்கும், செலினக்கா" என்றான் சுடலைமணி, இரக்கமாக.

"கழண்டிருக்கா? பாருலே!" செலின் அங்கேயே ஆட்டகத்தைத் திறந்து காட்டினாள். சில்லு இறுக்கமாக இருந்தது. ஐந்து கம்பியும் இருந்த இடத்தில் இருந்தன. "இப்ப என்ன சொல்லுத?"

சுடலைமணியின் முகம் வெளிறியது. "அப்ப சில்லே சரியில்லக்கா. ஒங்களுதே இப்படின்னா எங்களுது? இத்தன நாளும் அந்த இதமி உள்ள பூந்து ஆடியிருக்கு. எனக்கு இதக் கழட்டிருங்க. கம்பெனிக்காரன் பொய்யாவது தெரிஞ்ச பொய்யி."

பின்னாலிருந்தவர்களும் ஆட்டகத்தை நீட்டினார்கள். இவர்கள் ஒவ்வொருவரும் விரலைச் சுட்டுக்கொண்டு பற்றவைத்த சில்லு. இவன் ஒருவன் கழற்றினால் நாளைக்கே ஊர் முழுக்கக் கழற்றிவிடும்.

"கழட்டாதீங்க. ஒங்க முன்னாலயே இன்னொரு தடவ ஆடுதேன்" என்றாள்.

பத்துத் தலைகள் திரைமேல் குனிந்தன. இப்போது அவள் கைக்கு வழி தெரியும். ஒன்பது, பத்து, பதினொன்று. சுழி வந்தது. வள்ளம் அரைச் சுற்றுப் போனது. பக்கத்தில் சுடலைமணி மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றான். தேர்வு முடிவுக்குக் காத்திருப்பவன் முகம் அது. செலினுக்குப் பாவமாக இருந்தது. கட்டைவிரலை ஒரு நூல் இடப்பக்கம் நகர்த்தினாள்.

வள்ளம் பன்னிரண்டாம் பாறையில் மோதிச் சிதறியது.

கடை அதிர்ந்தது. விசில் பறந்தது. "பாத்தியளா, நம்ம சில்லு நல்லாத்தான் இருக்கு!" என்று சுடலைமணி துள்ளினான். எல்லாரும் ஆட்டகத்தைப் பையில் போட்டுக்கொண்டார்கள்.

"ஏட்டி, கை தப்பிட்டா?" என்று அமலதாஸ் மெல்லக் கேட்டான்.

"தப்பிட்டு" என்றாள் செலின், தலை நிமிர்ந்து. கருங்கடவைத் தாண்டிய ஒரே மனுஷி தான்தான் என்று அவளுக்குத் தெரியும். அது போதும் என்று நினைத்துக்கொண்டாள்.

சுடலைமணி படியிறங்கப் போனவன் திரும்பி வந்து அவள் கையைப் பிடித்துக் குலுக்கினான்.

"இதுதாங்க்கா ஆட்டம். ஒரு துளி பொய் இல்ல பாருங்க."