காலித் தடத்தில் சிவப்பு

ஒரு ரயில்கூட ஓடாத தடத்தில் சிக்னல் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தது.

கணினி விளையாட்டில் தன் ஊரையே கட்டி, ஆலையிலிருந்து தன் வீட்டுப் பின்சுவர் வரைக்கும் தண்டவாளம் போட்டிருந்தார் மருந்துக்கடைக்காரர். “பாப்பாவைப் பாத்துக்கோங்க, அந்த ரயிலை இல்ல” என்று சொல்லிவிட்டுத்தான் மனைவி இரவு வேலைக்குப் போயிருந்தாள். ஆறு வயது மகள் காய்ச்சலோடு உள்ளறையில் தூங்க, மின்விசிறியின் கரகரப்பும் மருந்தின் இனிப்பு வாசனையும் மூடிய ஜன்னலுக்குள்ளேயே சுற்றிச் சுற்றி வந்தன. இந்தப் பாழாய்ப்போன சிவப்பு மட்டும் மாறுவேனா என்றது.

ரயில்வேயில் சிக்னல் பழுது பார்க்கும் மைத்துனனுக்குப் போன் போட்டார்.

“சிவப்புன்னா அதைத் தாண்டி ஏதோ நிக்குது மாமா. நடுவுல இன்னொரு சிக்னல் வச்சுப் பாருங்க, எந்தப் பாதியிலன்னு தெரிஞ்சிடும்.”

வைத்தார். பழையது பச்சையானது, புதியது சிவந்தது. இன்னும் தள்ளி வைத்தார். அதுவும் அப்படியே. விடுவேனா பார் என்ற வெறியில் பள்ளிக்கூடம், தண்ணீர்த் தொட்டி, தன் கடை என்று வைத்துக்கொண்டே வந்தார், ஒவ்வொரு முறையும் கடைசியாக வைத்தது மட்டுமே சிவந்தது, அறைக்குள் எங்கிருந்தோ தேய்ந்த இரும்பின் வாசனை ஏற ஆரம்பித்தது. பன்னிரண்டாவது சிக்னல் வீட்டுப் பின்சுவருக்கே வந்துவிட்டது.

அதைச் சொன்னதும் போனில் மைத்துனன் சிரித்தான். “நீங்க எங்க தேடினீங்க? பச்சை காட்டிக் காட்டி அதை வீடு வரைக்கும் கூட்டிட்டு வந்திருக்கீங்க!”

அவருக்குச் சிரிப்பு வரவில்லை.

அப்போது கடைசிச் சிவப்பும் மாறியது. பன்னிரண்டும் பச்சை என்றார்.

“அப்பாடா! தடம் காலி மாமா. போய்த் தூங்குங்க.” போனை வைத்துவிட்டான்.

தடம் காலி. அப்படியென்றால் அது இங்கே இறங்கிவிட்டது.

மின்விசிறி சுற்றியது. சத்தமே இல்லை. உள்ளறைக் கதவைச் சாத்தித்தான் வைத்திருந்தார். இப்போது திறந்திருந்தது. ஓடினார்.

மகள் விழித்திருந்தாள். பாதிக் கட்டிலை விட்டுக்கொடுத்து, சுவரோடு ஒட்டிப் படுத்திருந்தாள்.

“கதவைச் சாத்துங்கப்பா. ரொம்ப தூரத்துலேர்ந்து வந்திருக்காங்க. படுக்கணுமாம்.”

அவள் பக்கத்தில் மெத்தை அமுங்கியது. தலையணை அமுங்கியது. போர்வை தானாக மேலே ஏறி, குழந்தையின் முகத்தையும் சேர்த்து மூடியது.